நான்கு வினாடி எங்கே போனது?

2024 ஆகஸ்ட் 18. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி ஸ்டேஜ், அதாவது கடைசி நாள் ஓட்டம், அல்ப் துவேஸ் மலைமேல் முடிகிறது. டெமி வொல்லெரிங் முதலில் வந்து கோட்டைத் தொடுகிறார். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருக்கும் காசியா நிவியதோமா 1 நிமிடம் 1 வினாடி கழித்து வருகிறார். அன்று காலை இருவருக்கும் இருந்த வித்தியாசம் 1 நிமிடம் 15 வினாடி. கழித்தால் மிச்சம் 14. முதலில் வந்ததற்காக வொல்லெரிங்குக்கு 10 வினாடி போனஸ். அதையும் கழித்தால் 4. அந்த நான்கு வினாடியில் நிவியதோமா பட்டத்தை வென்றார். ஆண்கள், பெண்கள் இரண்டு டூரையும் சேர்த்துப் பார்த்தாலும் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை.

அந்த நான்கு வினாடி போனது மலையில் அல்ல. மூன்று நாள் முன்பு, ஐந்தாவது ஸ்டேஜில், ஆம்னேவில் என்ற ஊருக்கு வெளியே போனது. அன்று மஞ்சள் ஜெர்சி வொல்லெரிங்கிடம்தான் இருந்தது. முடிவுக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது கூட்டமாக விழுந்தவர்களில் அவரும் ஒருவர். எழுந்து வந்து சேர்வதற்குள் வெற்றியாளரைவிட 1 நிமிடம் 47 வினாடி பின்தங்கிவிட்டார். அன்றைய வெற்றியாளர் பிளாங்கா வாஸ், வொல்லெரிங்கின் அணியைச் சேர்ந்தவரே. தலைவி சாலையோரத்தில் கிடக்க, அணி முன்னால் போய் ஸ்டேஜை ஜெயித்தது சரியா என்ற சண்டை ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. இரண்டு மூன்று பேராவது நின்று, முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்து, அவரை இழுத்து வந்திருந்தால் நான்கு வினாடி என்ன, நாற்பது வினாடிகூட மிஞ்சியிருக்கும் என்பது என் கட்சி.

அதே விபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி நடந்திருந்தால் அவருக்கு ஒரு வினாடிகூடப் போயிருக்காது. சமவெளி ஸ்டேஜ்களில் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ, சைக்கிள் பழுதானாலோ, அந்தக் கணத்தில் எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரம் கிடைக்கும். கூட்டமாக வந்து கடைசியில் வேகப் பாய்ச்சலில் மோதும் சில ஸ்பிரின்ட் நாட்களில் நடத்துபவர்கள் இதை ஐந்து கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள். மலையுச்சியில் முடியும் நாளுக்கும், ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரயலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஸ்டேஜ் தொடங்கும் முன்பே அன்று எல்லை மூன்றா ஐந்தா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குப் போட்டியிடுபவர்கள் அந்த எல்லை வரும்வரை முன்வரிசையில் முண்டியடிப்பதும், அதைத் தாண்டியதும் சட்டென்று பின்னால் நழுவுவதும் எதனால் என்று அப்போது தானாகப் புரியும்.

ஸ்டேஜ் பந்தயத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடப்பவரைப் பார்க்கிறார்கள். பட்டம் போவதோ வேறொரு நாளில், வேறொரு சாலையில், வேறொருவரின் கையிலிருந்து. வினாடி எங்கே தொலைகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், சலிப்பூட்டும் சமவெளி நாள்கூட நெஞ்சு படபடக்கவைக்கும்.

அடிப்படை எளிது. ஆண்கள் டூரில் 21 ஸ்டேஜ், 23 நாள், நடுவில் இரண்டு ஓய்வு நாள். அணிக்கு எட்டுப் பேர். 2018-க்கு முன் ஒன்பது. ஒவ்வொருவரும் 21 நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டினால், குறைந்த கூட்டுத்தொகை யாருடையதோ அவருக்கு மஞ்சள். ஒரு ஸ்டேஜைக்கூட வெல்லாமல் டூரை வெல்லலாம். 1990-இல் கிரெக் லெமாண்டும் 2017-இல் கிறிஸ் ஃப்ரூமும் அப்படித்தான் வென்றார்கள். சாதாரண ஸ்டேஜில் முதல் மூவருக்கு 10, 6, 4 வினாடி போனஸ். டைம் டிரயலில் கிடையாது. ஒன்றாக வந்து சேரும் கூட்டத்தில் 150 பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நேரம்தான். நடுவில் ஒரு வினாடி இடைவெளி விழுந்தால் அங்கிருந்து புது நேரம். ஸ்பிரின்டில் முடியும் என்று முன்கூட்டியே அறிவித்த நாளில் மட்டும் அந்த இடைவெளி மூன்று வினாடி.

திரையில் தெரியும் வினாடியை மீட்டராக மாற்றிப் பார்க்கப் பழகுங்கள். 65 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்பிரின்ட் அடிக்கும்போது ஒரு வினாடி என்பது 18 மீட்டர். மலையேற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே ஒரு வினாடி ஐந்தரை மீட்டர்தான். அதனால்தான் மலையில் ஒருவர் இன்னொருவருக்கு முன்னால் கண்ணெட்டும் தூரத்தில் போனாலும் அரை நிமிடம் என்று எழுத்து வருகிறது. சமவெளியில் வளைவைத் தாண்டி மறைந்தவருக்கும் அதே அரை நிமிடம்தான். வர்ணனையாளர் சொல்லும் எண்ணில் சந்தேகம் வந்தால் சாலையோரம் ஒரு பலகையையோ, வெள்ளைக் கோட்டையோ பிடித்துக்கொண்டு நீங்களே எண்ணுங்கள். ஜிபிஎஸ் கணக்கு மலை வளைவுகளில் குழம்பும், பலகை குழம்பாது.

காற்று

மலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பக்கக்காற்றைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் ஒரு டூரில் தவறவே விடக்கூடாதது மலை நாள் அல்ல, காற்றடிக்கும் சமவெளி நாள்.

எதிர்காற்றில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். உழைப்பில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தால் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, வலப்புறம் சாய்ந்த பின்பக்கத்தில் கிடைக்கும். ஆகவே ஆட்கள் சாலையின் குறுக்கே சாய்கோடாக நிற்கிறார்கள். சாலை ஆறேழு மீட்டர் அகலம் என்றால் அந்தக் கோட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆள் சாலையின் விளிம்பில், புல்லை உரசிக்கொண்டு, மறைவே இல்லாமல் ஓட்டவேண்டும். அவருக்குப் பின்னால் நூறு பேர் அதே விளிம்பில் ஒற்றை வரிசையாகத் தொங்குகிறார்கள். ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் முன்னால் போகிறவரின் சக்கரத்தை விட்டுவிடுவார். அவர் விட்டது ஐந்து மீட்டர். பின்னால் இருப்பவர்களுக்கு அது ஒன்றரை நிமிடமாக வளரும்.

எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அன்றைய வரைபடத்தில் சாலை திசைமாறும் இடங்களையும் காற்றின் திசையையும் ஒப்பிடுங்கள். மரங்கள் தீர்ந்து வெட்டவெளி தொடங்கும் இடமும், எதிர்காற்று பக்கக்காற்றாக மாறும் திருப்பமும் ஒன்றாக வந்தால் அங்கேதான். மூன்று நான்கு கிலோமீட்டர் முன்பே பெரிய அணிகள் எட்டுப் பேரையும் திரட்டி முன்னால் கொண்டுவரும். காரில் இருக்கும் மேலாளர் ரேடியோவில் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருப்பார். உங்களுக்குப் பிடித்தவர் அந்த நேரத்தில் மழைக்கோட்டைக் கொடுக்கவோ, தண்ணீர் வாங்கவோ பின்னால் போயிருந்தால் அன்றைய நாள் போச்சு. பின்தங்கியவர்களுக்கு ஒரே வழி, தாமதிக்காமல் தங்களுக்கென்று இரண்டாவது சாய்கோட்டை அமைப்பது. நீ இழு, நீ இழு என்று அரை நிமிடம் தகராறு செய்தால் பிறகு துரத்தியும் பயனில்லை.

2019 டூரின் பத்தாவது ஸ்டேஜ், அல்பி ஊருக்குப் போகும் வழி. காற்றில் கூட்டம் உடைந்தபோது பிரான்ஸின் திபோ பினோ பின்னால் மாட்டி 1 நிமிடம் 40 வினாடி இழந்தார். 1985-இல் பெர்னார் இனோவுக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரரும் டூரை வென்றதில்லை. அந்த ஏக்கம் முழுக்க அன்று பினோவின் தலைமேல் இருந்தது. நான்கு ஸ்டேஜ் கழித்து துர்மலே உச்சியில் அவர் ஜெயித்தார். மறுநாளும் மலையில் மற்ற போட்டியாளர்களைக் கழற்றிவிட்டார். பத்தொன்பதாவது ஸ்டேஜ் காலையில் மஞ்சள் ஜெர்சியிலிருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜூலியன் அலஃபிலிப்புக்கு 1:50 பின்னால், ஈகன் பெர்னாலுக்கு வெறும் 20 வினாடி பின்னால். அல்பியில் போன 1:40-ஐத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள்: அலஃபிலிப்புக்குப் பத்து வினாடி பின்னால், பெர்னாலுக்கு 1:20 முன்னால்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் முன்பு ஒரு விபத்திலிருந்து விலகியபோது ஹேண்டில்பாரில் அவருடைய இடது தொடை மோதியிருந்தது. பத்தொன்பதாவது ஸ்டேஜில் மிதிக்க முடியாமல் அழுதுகொண்டே ஓட்டினார். அணித்தோழர் வில்லியம் போனே பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார். சற்று நேரத்தில் பினோ காரில் ஏறிவிட்டார். அதே பிற்பகல் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை அடைக்க, இஸெரான் கணவாய் உச்சியில் எடுத்த நேரத்தோடு ஸ்டேஜை நிறுத்தினார்கள். அங்கே முன்னால் இருந்த பெர்னாலுக்கு மஞ்சள். பினோவின் ரசிகர்கள் ஒரே பந்தயத்தில் ஏறிய உயரமும் விழுந்த பள்ளமும் இவ்வளவு.

சைக்கிள் மாற்றுவது

அணிக் கார்கள் பெருங்கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வரிசையில் வரும். வரிசை எண் தலைவரின் மொத்த நேர இடத்தைப் பொறுத்தது. முதலிடத்தில் இருப்பவரின் கார் முதலில், இருபதாவது இடத்தில் இருப்பவரின் கார் வெகு தூரம் பின்னால். ஆகவே ஒரே மாதிரிப் பங்சர் இருவருக்கு ஒரே விலையில் வராது. கூட்டத்துக்கும் பின்தங்கியவருக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் நடுவர் கார்களை நிறுத்திவிடுவார். கார்களின் மறைவில் தொற்றித் திரும்பும் வழியும் அடைபடும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு சக்கரத்தை மட்டும் மாற்றுவது முன்பைவிட மெதுவாகிவிட்டது; முழுச் சைக்கிளையே மாற்றுகிறார்கள். பாட்டில் கொடுக்கும் சாக்கில் இரண்டு வினாடி சேர்த்துப் பிடித்துக்கொண்டு காரின் வேகத்தில் இழுபடும் பழைய தந்திரமும் உண்டு. நடுவர் கண்ணில் பட்டால் அபராதம். படாவிட்டால் எல்லோரும் சிரித்துக்கொள்வார்கள்.

2022-இல் கல் பதித்த சாலைகள் வழியே அரென்பெர்க் போகும் ஐந்தாவது ஸ்டேஜில் யோனாஸ் விங்ககோரின் சைக்கிள் மக்கர் செய்தது. தன்னைவிட நெட்டையான தோழரின் சைக்கிளை வாங்கி ஏறினார், கால் ஒழுங்காக எட்டவில்லை. இறங்கினார், ஆளாளுக்குச் சைக்கிளை நீட்டினார்கள், ஒரே களேபரம். பார்ப்பவர்களுக்கு டூரே கைநழுவிப் போனதுபோல் இருந்தது. ஆனால் மஞ்சள் ஜெர்சியிலிருந்த வவுட் வான் ஆர்ட் முன்னாலிருந்து பின்னால் வந்து அவரை இழுத்தார். முக்கியப் போட்டியாளர் தடேய் பொகாச்சரிடம் அன்று விங்ககோர் இழந்தது 13 வினாடி மட்டுமே. அதே அணியின் இன்னொரு தலைவர் ப்ரிமோஷ் ரோக்லிச் வைக்கோல் கட்டில் மோதித் தோள் நழுவி, அதைத் தானே உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு ஓட்டினார். அந்த ஆண்டு விங்ககோர் ஜெயித்ததைப் பற்றிப் பேசுபவர்கள் மலையைச் சொல்வார்கள். அரென்பெர்க்கில் அந்த 13 வினாடி இரண்டு நிமிடமாகியிருந்தால் மலையில் தாக்கும் திட்டத்துக்கே இடமிருந்திருக்காது.

உடைவது

2022-இல் விங்ககோர் ஜெயித்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் அந்த மலை கொல் து கிரனோன். 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீத ஏற்றம், உச்சி 2,413 மீட்டர். பதினோராவது ஸ்டேஜ் அன்று காலை பொகாச்சர் விங்ககோரைவிட 39 வினாடி முன்னால் இருந்தார். விங்ககோரும் ரோக்லிச்சும் முந்தைய மலைகளிலேயே மாறி மாறித் தாக்கினார்கள். ஒருவர் போவார், பொகாச்சர் எழுந்து துரத்திப் பிடிப்பார், உடனே மற்றவர் போவார். தனக்கு அணி ஆட்கள் குறைவாக இருந்தும் ஒவ்வொரு தாக்குதலையும் அவரே பிடித்தார். கடைசி மலையில் அதற்கான விலை 2 நிமிடம் 51 வினாடி.

இதன் பின்னால் இருப்பது சோற்றுக் கணக்கு. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமிக்கும் மாவுச்சத்து சுமார் 500 கிராம். ஐந்து மணிநேர மலை நாளில் அது போதாது. ஆகவே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை ஜெல்லாகவும் பானமாகவும் உள்ளே தள்ளுகிறார்கள். தாக்குதலின்போது சாப்பிடக் கை வராது. ஒரு முறை தவறினால் அதன் பாதிப்பு அரை மணி கழித்துத் தெரியும். அதற்குப் பிறகு சாப்பிட்டு மீள்வதற்கு மலை காத்திருக்காது. ஸ்டேஜின் இறுதிப் பகுதியில் உணவு வாங்கவே தடை உண்டு. 2013-இல் அல்ப் துவேஸில் ஃப்ரூமுக்காக ரிச்சி போர்ட் காரிலிருந்து ஜெல் வாங்கிக் கொடுத்தார். இருவருக்கும் 20 வினாடி அபராதம். பசியில் உடைவதைவிட அது மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள்.

ஒருவர் உடையப்போகிறார் என்பது இடைவெளியில் தெரிவதற்கு முன்பே உடம்பில் தெரியும். முதலில் இடம் மாறும்: மூன்றாவது நான்காவது சக்கரத்தில் இருந்தவர் குழுவின் கடைசி ஆளாகிவிடுவார். வளைவு முடிந்ததும் சக்கரத்தைப் பிடிக்க இருக்கையிலிருந்து எழுவார், உடனே உட்காருவார், மறுபடி எழுவார். இடுப்பு அசையாமல் ஓட்டியவரின் தோள் ஆடத் தொடங்கும். ஜெர்சியின் ஜிப்பு முழுக்கத் திறந்திருக்கும். தோழர் முன்னால் இழுத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார் என்றால் ரேடியோவில் ஏதோ கேட்டுவிட்டது. 2023-இல் கொல் தெ லா லோஸ் மலையில் பொகாச்சர் தான் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னதை உலகமே கேட்டது. அன்று போனது 5 நிமிடம் 45 வினாடி. அந்த ஆண்டு ஏப்ரலில் மணிக்கட்டு எலும்பு முறிந்ததால் மே, ஜூன் பயிற்சியில் விழுந்த ஓட்டை மூன்றாவது வாரத்தில் வெளியே தெரிந்தது.

சைமன் யேட்ஸின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ தி இத்தாலியாவில், 2018-இல், பதின்மூன்று நாள் முன்னிலையாளருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தார், மூன்று ஸ்டேஜ் வென்றார், பார்க்கும் மலையிலெல்லாம் தாக்கினார். பதினெட்டாவது ஸ்டேஜில் டாம் டுமுலானிடம் 28 வினாடி விட்டார். மொத்த முன்னிலை 56-லிருந்து 28 ஆனது. அவ்வளவுதானே என்று பலர் நினைத்தார்கள். மறுநாள் ஃப்ரூம் முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போது கொல்லே தெல்லே ஃபினெஸ்ட்ரே மலையில் தனியாகக் கிளம்பினார். வழியெங்கும் அவருடைய அணி ஆட்கள் உணவோடும் தண்ணீரோடும் நின்றார்கள். யேட்ஸ் அந்த மலையின் தொடக்கத்திலேயே கழன்றார். அன்று அவர் இழந்தது 38 நிமிடத்துக்கு மேல். முதல் இரண்டு வாரத்தில் பொன்போல் சேர்த்த வினாடிகளெல்லாம் ஒரே பிற்பகலில்.

2025 மே 31. அதே ஃபினெஸ்ட்ரே: 18.5 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதம், கடைசி எட்டு கிலோமீட்டர் கப்பிச் சாலை. யேட்ஸ் மூன்றாவது இடத்தில், மெக்சிகோவின் 21 வயது இசாக் டெல் டோரோவுக்கு 1:21 பின்னால். நடுவில் ரிச்சர்ட் கரபாஸ், 43 வினாடியில். இந்த முறை யேட்ஸ் இரண்டு வாரமும் ஆர்ப்பாட்டமே செய்யவில்லை. மலையில் அவர் கிளம்பியபோது டெல் டோரோ கரபாஸையே ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆபத்து இவர்தான், யேட்ஸைத் துரத்துவது இவர் வேலை என்பது அவர் கணக்கு. ஜெர்சி உன்னுடையது, நீயே துரத்து என்பது கரபாஸின் கணக்கு. இரண்டு கணக்கும் தனித்தனியாகச் சரி. சேர்ந்தால் யேட்ஸுக்கு நிமிடங்கள். அவருடைய அணியோ காலையிலேயே வான் ஆர்ட்டை முன்னால் போன குழுவில் அனுப்பியிருந்தது. உச்சிக்கு அப்பால் அவர் காத்திருந்து, காற்றடிக்கும் பள்ளத்தாக்கில் யேட்ஸை மறைத்து இழுத்தார். பின்னால் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, யேட்ஸ் ஜீரோவை 3 நிமிடம் 56 வினாடியில் வென்றார்.

முன்னால் ஓர் ஆளை அனுப்பிவைப்பது கோப்பைக்குப் போட்டியிடும் அணிகளின் பழைய உத்தி. காலையில் ஒரு குழு தப்பிப்போகும்போது அதில் யார் யாருடைய ஆள் இருக்கிறார் என்று குறித்து வையுங்கள். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத, ஆனால் சமவெளியில் பலமான ஒருவர் மலை நாளில் அங்கே என்ன செய்கிறார் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கடைசி மலைக்கு முந்தைய பள்ளத்தாக்கில் கிடைக்கும்.

சமவெளி நாளில் தப்பிப்போன குழு பிடிபடுமா என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. பிரெஞ்சு வர்ணனையாளர் ரொபேர் ஷபாட்டின் பெயரால் வழங்குகிறது: பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம். முன்னால் போகிறவர்கள் 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பத்து கிலோமீட்டருக்கு 13 நிமிடம் 20 வினாடி. கூட்டம் 49-இல் வந்தால் 12 நிமிடம் 15 வினாடி. வித்தியாசம் 65 வினாடி. அதனால் 30 கிலோமீட்டர் மிச்சமிருக்க இரண்டரை நிமிடம் என்றால் ஸ்பிரின்டர் அணிகள் அவசரப்பட மாட்டார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் புதிதாக இன்னொருவர் கிளம்புவார் என்பதால் வேண்டுமென்றே தாமதிப்பார்கள். நகருக்குள் வளைவுகள் நிறைய இருந்தாலோ மழை பெய்தாலோ இந்த விதி பொய்க்கும். சிறிய குழு வளைவில் வேகத்தை இழப்பதில்லை, பெரிய கூட்டம் இழக்கும்.

டைம் டிரயலில் மறைவும் இல்லை, தந்திரமும் இல்லை. கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்று மட்டும் பாருங்கள். 1989-இன் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர். லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலை. லெமாண்டுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு வினாடிக்குச் சற்று மேல் வேண்டும். நடக்காது என்றே நினைத்தார்கள். முன்கையை நீட்டி வைக்கும் ஹேண்டில்பாரும் கூர்மூக்கு ஹெல்மெட்டும் போட்டு அவர் 58 வினாடி எடுத்தார். 2020-இல் ரோக்லிச்சின் 57 வினாடி அப்படித்தான் கரைந்தது, லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் அடிவாரத்தில் சைக்கிளை மாற்றிக்கொண்டு ஏறிய பொகாச்சரிடம். நடுவழி நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால் முடிவு தெரிவதற்குப் பத்து நிமிடம் முன்பே கை நடுங்கத் தொடங்கும்.

பின்னால் வருபவர்கள்

மலை நாளில் கேமரா முன்னால் இருக்கும்போது ஸ்பிரின்டர்களின் பந்தயம் அரை மணி தள்ளிப் பின்னால் நடக்கிறது. வெற்றியாளரின் நேரத்தோடு அதன் குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி அன்றைய கெடுவை வைக்கிறார்கள். சதவீதம் ஸ்டேஜின் கடினத்தையும் சராசரி வேகத்தையும் பொறுத்தது. ஐந்து மணிநேர ஸ்டேஜுக்குப் 12 சதவீதம் என்றால் 36 நிமிடம். அதைத் தாண்டினால் மறுநாள் வீட்டுக்கு. ஆகவே கனமான ஆட்கள் க்ருப்பெட்டோ என்ற பெரிய குழுவாகச் சேர்கிறார்கள். மலையில் ஒரே சீராக ஏறி, இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் உயிரைக் கொடுத்து ஓட்டிச் சமன் செய்கிறார்கள். குழு பெரிதாக இருந்தால் நடுவர்கள் மன்னிக்கவும் கூடும், அபராதத்தோடு. 2011-இல் மார்க் கேவண்டிஷ் அப்படி இரண்டு நாள் தலா 20 புள்ளி இழந்தும், புள்ளிகளில் முதல்வருக்கான பச்சை ஜெர்சியை வென்றார். தனியாகத் தாமதித்தவருக்கு அந்த இரக்கம் கிடைக்காது.

2022-இல் பெராகூட் உச்சியில் ஸ்பிரின்டர் ஃபேபியோ யாகோப்சன் கெடு முடியச் சில வினாடிகள் மிச்சமிருக்க வந்து சேர்ந்தார். கோட்டுக்கு அப்பால் அணித்தோழர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். ஸ்டேஜை வென்றது பொகாச்சர், ஆனால் அன்று பலருக்கு நினைவிருப்பது இந்தக் காட்சிதான். கேவண்டிஷின் 35-வது ஸ்டேஜ் வெற்றியை, எடி மெர்க்ஸின் 34-ஐத் தாண்டியதை, அவர் ஓட்டிய அத்தனை க்ருப்பெட்டோக்களையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். 2023-இல் போர்தோவில் செயின் குதித்து இரண்டாமிடம். மறுநாளே விழுந்து காறை எலும்பு முறிவு. ஓய்வு அறிவிப்பைத் திரும்பப் பெற்று, 39 வயதில், 2024 ஜூலை 3 அன்று சான் வுல்பாவில் ஜெயித்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு எரித்திரியாவின் பினியம் கிர்மாய் டூரில் ஸ்டேஜ் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். முடிவில் பச்சை ஜெர்சியும் அவருக்கே.

சாலையோரத்தில்

நேரில் பார்க்கப் போகிறவர்கள் ஸ்பிரின்ட் முடிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான்கு மணிநேரம் தடுப்புக்குப் பின்னால் நின்று மூன்று வினாடி வண்ணக் கலவை பார்ப்பதுதான் மிச்சம். ஒரு மலையின் எட்டு சதவீதத்துக்கு மேல் ஏறும் பகுதி, உச்சிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கீழே, கீழ்ச் சாலையின் வளைவு கண்ணுக்குத் தெரியும் இடம்: அங்கே நின்றால் அவர்கள் இரண்டு முறை தெரிவார்கள், முகமும் தெரியும். அல்லது டைம் டிரயல். ஒவ்வொருவராகப் பல மணிநேரம் வந்துகொண்டே இருப்பார்கள். மலைச் சாலையை வெகு முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடக்கவேண்டும். தண்ணீர், வெயிலுக்குத் தொப்பி, மாலைக் குளிருக்கு ஒரு சட்டை, மூன்றும் வேண்டும். விளம்பர ஊர்திகள் பந்தயத்துக்குச் சுமார் இரண்டு மணிநேரம் முன்பு வந்து சில்லறைப் பொருள்களை வீசிக்கொண்டு போகும். கடைசி ஆள் போய்விட்டார் என்று இறங்கிவிடாதீர்கள். முடிவை அறிவிக்கும் வண்டி கடந்தபிறகே சாலை உங்களுடையது.

பக்கத்தில் ஓடுவது, புகைக்குழல் கொளுத்துவது, முதுகில் தள்ளுவது மூன்றும் வேண்டாம். 2016-இல் மோன் வந்தூவில் கூட்டம் சாலையை அடைத்ததால் மோட்டார் சைக்கிள் நின்று, அதில் மோதி, மஞ்சள் ஜெர்சியில் ஃப்ரூம் சைக்கிள் இல்லாமல் மலையில் ஓடினார். 2018-இல் அல்ப் துவேஸில் வின்செஞ்சோ நிபாலி நெரிசலில் விழுந்து முதுகெலும்பில் முறிவோடு வீடு திரும்பினார். 2021-இன் முதல் நாளில் கேமராவுக்குக் காட்டிய ஓர் அட்டை டோனி மார்ட்டின் மீது பட்டு, அவருக்குப் பின்னால் பெருங்கூட்டமே சரிந்தது. கை நீட்டினால் வீரரைத் தொட முடியும் என்றால் நீங்கள் நிற்கும் இடம் தவறு.

ஒரு மலையில் யாராவது நம்பமுடியாத வேகத்தில் ஏறும்போது பழைய ரசிகர்கள் உடனே கைதட்டுவதில்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 1999 முதல் 2005 வரையான ஏழு பட்டங்களும் ஊக்கமருந்துக்காக 2012-இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு கோடையும் கத்தித் தீர்த்தவர்கள் அவர்கள். 2010-இல் ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்ற கணத்தில் ஆல்பெர்ட்டோ கொன்டடோர் தாக்கி எடுத்தது 39 வினாடி, பாரிஸில் ஜெயித்ததும் 39 வினாடியில். பிறகு ஊக்கமருந்து வழக்கில் பட்டம் ஷ்லெக்குக்குப் போனது. அதைக் காகிதத்தில் வாங்கியவருக்கு, பாரிஸின் சாம்ஸ் எலிசே சாலையில் மேடையின் முதலிடம் கிடைக்கவில்லை. சந்தேகத்தையும் ரசனையையும் ஒன்றாகச் சுமப்பது இந்த விளையாட்டில் பழகிப்போன சுமை.

பாரிஸின் கடைசி ஸ்டேஜ் வெகுகாலம் ஊர்வலமாகவே இருந்தது: மஞ்சள் ஜெர்சியை யாரும் தாக்குவதில்லை, ஷாம்பெயின் குடித்துக்கொண்டு வருவார்கள், கடைசி சுற்றில் ஸ்பிரின்டர்கள் மோதுவார்கள். 2025-இல் மோன்மார்த்ர் குன்றின் கல் பதித்த ஏற்றத்தை மூன்று முறை சேர்த்தார்கள். அன்று மழை, மொத்த நேரத்தை முடிவுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 4 நிமிடம் 24 வினாடி முன்னிலையோடு நான்காவது பட்டத்தை உறுதிசெய்திருந்த பொகாச்சர் ஓரமாக ஒதுங்கிப் பத்திரமாக வந்திருக்கலாம். அவரோ ஈரக் கல்லில் முன்னால் நின்று போட்டிபோட்டார். கடைசி ஏற்றத்தில் வான் ஆர்ட் அவரைக் கழற்றிவிட்டுத் தனியாக ஜெயித்தார். மஞ்சள் ஜெர்சி நான்காவதாக வந்தது. கூட்டம் கொண்டாடியது. மூன்று வாரம் க்ருப்பெட்டோவில் வதைபட்டுப் பாரிஸ் வரை வந்த ஸ்பிரின்டர்களுக்குத்தான், அவர்கள் காத்திருந்த ஒரே பரிசும் பறிபோனது.